எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள்: கபாலாவும் உளவியலும், வாசகர் கேள்வி பதில்

யூத மறைஞான மரபுக்கும் இன்றைய உளவியலுக்கும் என்ன உறவு என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து எடுத்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கபாலா என்பது ஒரு நூலா, தனி மதப்பிரிவா? அதை ஏன் உளவியலோடு சேர்த்துப் பேசுகிறார்கள்? (வாசகர், ஈரோடு)

இரண்டும் இல்லை. 'பெற்றுக்கொண்டது' என்று பொருள்படும் எபிரேயச் சொல் அது. யூத மதத்துக்குள்ளேயே குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறி வந்த மறைஞானம். இதன் தலையாய நூலான ஸோஹர் 1280களில் ஸ்பெயினின் காஸ்டீல் வட்டாரத்தில் வெளிப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டு ஞானி ஷிமோன் பார் யோஹாய் அருளியது என்பது மரபு. பெரும்பகுதியை எழுதியவர் மோசே தெ லெயோன் என்பது கபாலா வரலாற்று ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெமின் ஆய்வு முடிவு. அடுத்த பெரிய கட்டம் கலிலேயாவின் ஸஃபெத் ஊரில் நடந்தது. 1570-ல் அங்கே வந்த ஐசக் லூரியா இரண்டே ஆண்டில், 38 வயதில், கொள்ளைநோயில் இறந்துபோனார். அவர் சொன்னதை ஹயிம் வித்தால் என்ற சீடர்தான் எழுதி வைத்தார். மூன்றாவது கட்டம் 18-ஆம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைன், பெலாரஸ் பகுதிகளில் எழுந்த ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கம்.

உளவியலுக்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது. முதல் இரண்டும் இறைவனுக்குள் என்ன நடக்கிறது என்று பேசுகின்றன. ஹசித் குருமார்கள் அதே வரைபடத்தை எடுத்து மனிதனின் நெஞ்சுக்குள் விரித்தார்கள். தொழுகையில் நிற்கும்போது மனம் சந்தைக்கு ஓடுகிறதே, என்ன செய்வது என்று கேட்டு வந்த சாதாரண மனிதர்களுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

ஃப்ராய்டு தன் உளப்பகுப்பாய்வைக் கபாலாவிலிருந்து எடுத்துக்கொண்டு மறைத்துவிட்டார் என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவி, திருச்சி)

அப்படிச் சொல்லச் சான்று போதாது. இந்தக் கருத்தை நூலாக எழுதிப் பரப்பியவர் டேவிட் பேக்கன் என்ற உளவியலாளர். ஆண்டு 1958. அவருடைய வாதம் ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. ஃப்ராய்டின் தந்தை ஹசிதியம் வேரூன்றிய கலிசியாவிலிருந்து வந்தவர். வேதத்தின் ஒவ்வொரு சொல்லையும், எழுத்துப்பிழைபோல் தெரிவதையும்கூட, ஸோஹர் துருவித் துருவிப் பொருள் காண்கிறது. ஃப்ராய்டும் கனவின் ஒவ்வொரு துணுக்கையும், வாய் தவறி வந்த சொல்லையும் அப்படியே வாசித்தார். பாலுறவின் மொழியை உயர்ந்த விஷயங்களுக்குப் பயன்படுத்தக் கபாலா கூசவில்லை. இந்த ஒற்றுமைகள் மெய்தான்.

ஆனால் ஒற்றுமை வேறு, வழிவழியாக வந்தது வேறு. ஃப்ராய்டு எங்கே பயின்றார் என்பதற்கு ஆவணங்கள் இருக்கின்றன: வியன்னாவில் ப்ரூக்கேயின் உடலியல் ஆய்வுக்கூடம், 1885-86 குளிர்காலத்தில் பாரிசில் ஷார்கோவின் மருத்துவமனை, பிறகு ப்ராயரோடு சேர்ந்து 1895-ல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகள். 1930-ல் தன் நூல் ஒன்றின் எபிரேய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், தனக்கு அந்தப் புனித மொழி தெரியாது, முன்னோர் மதத்திலிருந்து தான் முற்றாக விலகியவன் என்று அவரே சொல்கிறார். அதே முன்னுரையில், யூதத்தன்மையின் சாரம் தன்னிடம் இருக்கிறது, அது என்னவென்று சொல்லத்தான் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சுவிஸ் உளவியலாளர் யுங் கபாலாவைப் படித்தவரா? (வாசகர், கோயம்புத்தூர்)

படித்தார், ஆனால் கிறிஸ்தவர்களின் லத்தீன் மொழிபெயர்ப்பு வழியாக. 1677-க்கும் 1684-க்கும் இடையே க்னோர் ஃபான் ரோசன்ராத் வெளியிட்ட தொகுப்பை அவர் பலமுறை மேற்கோள் காட்டுகிறார். 1944-ல் மாரடைப்பு வந்து உயிருக்குப் போராடிய இரவுகளில் அவர் கண்ட காட்சிகளில் ஒன்று மாதுளைத் தோட்டம். அங்கே திஃபெரெத்துக்கும் மல்குத்துக்கும் திருமணம் நடக்கிறது. இவை பத்து இறைப்பண்புகளில் இரண்டின் பெயர்கள். ஒன்று ஆண், மற்றது பெண். ஸஃபெத்தின் இன்னொரு பெரியவரான மோசே கொர்தோவேரோ எழுதிய நூலின் பெயரே 'மாதுளைத் தோட்டம்'.

யுங்கை உலுக்கியது லூரியாவின் படைப்புக்கதை. இறைவன் எங்கும் நிறைந்திருந்தால் உலகத்துக்கு இடமேது? ஆகவே அவர் தன்னைச் சுருக்கிக்கொண்டார், இது திஸிம்திஸும். அந்த வெற்றிடத்தில் பத்துப் பாத்திரங்களில் ஒளி பாய்ந்தது. மேல் மூன்றும் தாங்கின. அடுத்த ஆறும் உடைந்து சிதறின. கடைசிப் பாத்திரம் விரிசல் கண்டது. உடைந்த ஓடுகளோடு 288 ஒளிப்பொறிகள் கீழே விழுந்தன. அவற்றைப் பொறுக்கி மேலேற்றுவது மனிதனின் வேலை. அதற்குப் பெயர் திக்குன், அதாவது சீராக்கல். இறைவன் தொடங்கியதை மனிதன் செப்பனிட உதவுகிறான் என்ற இந்த எண்ணத்தை 1954-ல் எழுதிய கடிதம் ஒன்றில் யுங் வியந்து பாராட்டுகிறார். அடுத்த ஆண்டு, தன் 80-ஆம் பிறந்தநாள் பேட்டியில், மெஸெரிச்சின் பெரிய மக்கித் எனப்பட்ட ஹசித் குரு தோவ் பேர் 18-ஆம் நூற்றாண்டிலேயே தன் உளவியல் முழுவதையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டார் என்றார். அது மிகை. ஆனால் ஒதுக்கிய 'நிழலில்'தான் உயிர்ச்சக்தி அடைபட்டிருக்கிறது என்ற யுங்கின் கருத்தும், ஓட்டுக்குள் பொறி அடைபட்டிருக்கிறது என்ற லூரியாவின் கருத்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தவை.

இதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லியாக வேண்டும். நாஜி ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில், நனவுக்கு எட்டாத மனப்பகுதியான நனவிலியை ஆரிய நனவிலி, யூத நனவிலி என்று பிரித்து யுங் எழுதினார். போருக்குப் பிறகு, யுங்கோடு நெருங்கிய தொடர்புடைய எரானோஸ் அறிஞர் மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது ஷோலெம் தயங்கினார். வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய ரப்பி (யூத மதகுரு) லியோ பெக் அதற்கு முன்பே யுங்கை நேரில் கேட்டிருந்தார். 'வழுக்கிவிட்டேன்' என்று யுங் ஒப்புக்கொண்டதாக பெக் சொன்ன பிறகே ஷோலெம் போக இசைந்தார். யுங்கையும் கபாலாவையும் பற்றிப் பேசும் பலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது சரியல்ல.

பத்து செஃபிரோத்களை வைத்து ஒருவரின் ஆளுமையைக் கணிக்கலாமா? (வாசகி, மதுரை)

கூடாது. செஃபிரோத் என்பவை இறைவன் வெளிப்படும் பத்து நிலைகள். பிறந்த தேதியைப் போட்டுக் கட்டம் கணிக்கும் விஷயமல்ல. இணையத்தில் கிடைக்கும் 'உங்கள் செஃபிரா எது' வகைத் தேர்வுகளுக்கு மரபிலும் ஆதாரம் இல்லை, உளவியலிலும் இல்லை.

பயனுள்ள வழி ஒன்று மரபிலேயே உண்டு. பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவு தொடங்கி 49 நாட்களை யூதர்கள் இரவுதோறும் எண்ணுகிறார்கள். 50-ஆம் நாள் ஷவுவோத் பண்டிகை. ஏழு வாரங்களுக்கு ஏழு பண்புகள்: ஹெஸெத் எனும் அன்பு, கெவுரா எனும் கட்டுப்பாடு, திஃபெரெத் எனும் இசைவு, பிறகு விடாமுயற்சி, பணிவு, பிணைப்பு, ஆட்சித்தன்மை. ஒவ்வொரு வாரத்தின் ஏழு நாட்களிலும் அதே ஏழு பண்புகள் திரும்ப வரும். ஆக முதல் வாரத்தின் இரண்டாம் நாள் 'அன்புக்குள் கட்டுப்பாடு'. அன்றைக்கு ஒருவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: என் பாசத்துக்கு எல்லை இருக்கிறதா? கேட்காதபோதும் போய் உதவி, பிறகு மனம் கசந்து போகிறேனா? இரண்டாம் வாரத்தின் முதல் நாள் 'கட்டுப்பாட்டுக்குள் அன்பு': பிள்ளையைக் கண்டித்தேனே, அதில் அன்பு இருந்ததா, என் எரிச்சல்தான் இருந்ததா?

இங்கேதான் மரபின் கூர்மை தெரிகிறது. எந்தப் பண்பும் தனியாக நல்லதல்ல. தடுப்பில்லாத அன்பு மூழ்கடிக்கும். அன்பில்லாத கட்டுப்பாடு கொடுமையாகும். குழந்தை வளர்ப்பைப் பற்றிய உளவியலும் அரவணைப்பு, ஒழுங்கு என்ற இரண்டு அளவைகளைச் சேர்த்தே பார்க்கிறது. பயிற்சியில் வழக்கமாக நேரும் தவறு, அன்றைய பண்பைக் கணவரிடமோ மாமியாரிடமோ தேடுவது. தன்னிடம் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

பூஜையில் உட்கார்ந்தால் அசிங்கமான எண்ணங்கள் வருகின்றன. விரட்ட விரட்ட அதிகமாகின்றன. இதற்கு அந்த மரபில் ஏதாவது வழி உண்டா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பலர்)

ஹசித் குருமார்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வியே இதுதான். 'அந்நிய எண்ணங்கள்' என்று அவற்றுக்குப் பெயர். இதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வேறுபாட்டில்தான்.

ஹசிதியத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் (1760-ல் மறைந்தவர்) சொன்ன வழி: எண்ணத்தை விரட்டாதே, மேலே தூக்கு. வந்தது காமமா? அது அன்பு என்ற பண்பிலிருந்து விழுந்த துண்டு. பயமா? கட்டுப்பாடு என்ற பண்பிலிருந்து விழுந்தது. பொருளை உரித்துவிட்டு உணர்ச்சியை மட்டும் அதன் வேருக்குக் கொண்டுபோ. பார்க்க அழகான வழி. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? 'வேருக்குக் கொண்டுபோகிறேன்' என்று அதையே அசைபோட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்த தலைமுறைகளிலேயே இதற்குத் தடை போட்டவர் லியாதியின் ஷ்னெயுர் ஸல்மான் (1745-1812). 1796-ல் வெளிவந்த அவருடைய 'தன்யா'வே ஒரு வகையில் கேள்வி பதில் நூல்தான். ஆலோசனை கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல நேரமில்லை, அதனால் எழுதிவைக்கிறேன் என்று முன்னுரையில் சொல்கிறார். புனிதருக்காக எழுதியதல்ல, 'நடுத்தரமானவன்' என்று அவர் பெயரிட்ட சாதாரண மனிதனுக்காக எழுதியது. 28-ஆம் அத்தியாயத்தில் அவர் சொல்வது: எண்ணங்களை மேலேற்றும் வேலை உனக்கல்ல, நீயே கீழே கட்டுண்டு கிடக்கிறாய். நீ தொழுதுகொண்டிருக்கும்போது எதிரே ஒரு பொல்லாதவன் வந்து நின்று, உன்னைக் குழப்புவதற்காகப் பேச்சுக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள். என்ன செய்வாய்? நல்லதாகவும் பதில் சொல்லாதே, கெட்டதாகவும் சொல்லாதே. காது கேளாதவன்போல் இரு. அழுக்கானவனோடு மல்லுக்கட்டுகிறவன் தானும் அழுக்காவான்.

இன்னொன்றும் சேர்க்கிறார். எண்ணம் வந்ததே என்று நொந்துபோகாதே. நீ ஊன்றித் தொழத் தொடங்கியதால்தான் எதிராளியும் பலத்தைக் கூட்டியிருக்கிறான். தொழுகை பாழாகிவிட்டது என்று பொருளல்ல.

இதை 1987-ல் டேனியல் வெக்னர் நடத்திய சோதனையோடு வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றதும், முதலில் அடக்கியவர்களுக்கு அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. இது பலருக்கும் தெரியும். தெரியாதது இரண்டாவது சோதனை: கரடி வந்தால் ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் காரை நினையுங்கள் என்று ஒரு குழுவுக்குச் சொன்னார். அவர்களுக்குப் பின்விளைவு குறைந்தது. மனம் கண்டதையும் பிடித்துக்கொண்டு தாவினால், பிடித்த அத்தனையும் கரடியை நினைவூட்டும் கொக்கிகளாகிவிடும். திரும்பிப்போக ஒரே ஒரு இடம் இருந்தால் அந்தத் தொல்லை குறைகிறது. தன்யா சொல்லும் வழியும் அதுதான்: பதில் சொல்லாதே, வாயில் இருக்கும் தொழுகைச் சொல்லுக்குத் திரும்பு.

ஆகவே செய்ய வேண்டியது: உட்காரும் முன்பே திரும்பிவர வேண்டிய இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள், ஒரு வரி, ஒரு பெயர், விளக்கின் சுடர், எதுவானாலும் ஒன்றே ஒன்று. எண்ணம் வந்தால் 'வந்திருக்கிறது' என்பதோடு நிறுத்துங்கள். ஏன் வந்தது, நான் கெட்டவனா என்ற விசாரணை வேண்டாம். அந்த விசாரணைதான் மல்லுக்கட்டு. அந்த ஒரு வரிக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் முப்பது முறை திரும்ப வேண்டியிருந்தால் முப்பது முறை திரும்புங்கள்.

தவறிப்போகும் இடம்: 'போய்விட்டதா' என்று எட்டிப்பார்ப்பது. பார்த்ததும் வந்துவிடும். சிலர் எண்ணம் வந்தால் மந்திரத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும், மூன்று முறை குளிக்க வேண்டும் என்று சடங்கு ஏற்படுத்திக்கொள்கிறார்கள். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனால், அல்லது குற்றவுணர்வில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால், அது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்க வாய்ப்புண்டு. அதற்குத் தன்யாவும் மருந்தல்ல, இந்தப் பத்தியும் மருந்தல்ல. சடங்கைச் செய்யாமல் பதற்றத்தைத் தாங்கப் பழக்கும் சிகிச்சையும் மாத்திரைகளும் நல்ல பலன் தருகின்றன. மனநல மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள். அவர்கள் தினமும் கேட்கும் விஷயம் இது.

கவலையும் சோகமும் ஆன்மிக வாழ்வின் அடையாளம் என்கிறார்கள். கபாலா என்ன சொல்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

தன்யா சோகத்தை ஒருபோதும் புகழவில்லை. 26-ஆம் அத்தியாயத்தில் இரண்டு மல்லர்களைக் காட்டுகிறது: பலசாலியாக இருந்தாலும் சோம்பிக் கிடப்பவன் எளிதில் விழுவான். மனத்தோடு நடக்கும் போரிலும் சோகம் கைகால்களைக் கட்டிப்போடும், உற்சாகம்தான் வெல்லும்.

அப்படியானால் செய்த தவறுக்கு வருந்தவே வேண்டாமா? வேண்டும், ஆனால் நேரம் ஒதுக்கி வருந்து என்கிறது அதே அத்தியாயம். தொழுகையின் நடுவிலோ வியாபாரத்தின் நடுவிலோ பாவக்கவலை வந்தால், அது எவ்வளவு பெரிய பாவமானாலும், 'இது அதற்கான நேரமல்ல' என்று சொல்லித் தள்ளிவை. மனம் அமைதியாக இருக்கும் வேளையில் உட்கார்ந்து யோசி.

1983-ல் தாமஸ் போர்கோவெக்கும் அவர் குழுவினரும் நாள்பட்ட கவலைக்கு வகுத்த முறை ஏறக்குறைய இதே அச்சு. தினமும் அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே வேளை. பகலில் கவலை வந்தால் அடையாளம் கண்டு, அந்த நேரத்துக்கு ஒத்திவைத்துவிட்டுக் கைவேலைக்குத் திரும்புவது. நேரம் வந்ததும் உட்கார்ந்து முழுமையாகக் கவலைப்பட்டு, செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று பார்ப்பது. படுக்கையில் வேண்டாம், தூங்கும் இடமே கவலைப்படும் இடமாகிவிடும். மாலை ஐந்தரைக்கு, சாப்பாட்டு மேசை நாற்காலியில் என்று வையுங்கள். பகலில் தலைகாட்டும் கவலையை ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு சொல்லில் குறித்துக்கொண்டால் ஒத்திவைப்பது எளிது. மாலையில் சீட்டைப் பார்க்கும்போது பாதிக் கவலைகள் ஆறிப்போயிருக்கும். அவற்றைக் கிளற வேண்டாம்.

தன்யாவில் இன்னொரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது (31-ஆம் அத்தியாயம்). 'அத்ஸ்வுத்' என்பது நெஞ்சு கல்லாகி, உயிரற்றுப் போன சோகம். 'மெரிருத்' என்பது கசப்பு. அதில் உயிர் துடிக்கிறது. கசப்பு எழுந்து ஏதாவது செய்யவைக்கும். சோகம் படுக்கவைக்கும். மனச்சோர்வு நோயையும் ஆரோக்கியமான வருத்தத்தையும் பிரித்தறிய இன்றும் இதைவிட எளிய கேள்வி கிடைப்பது அரிது: இந்த வருத்தம் என்னை எழுப்புகிறதா, கிடத்துகிறதா?

அதே நூலின் 29-ஆம் அத்தியாயத்தை மட்டும் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். தீப்பிடிக்காத கட்டையைப் பிளந்தால்தான் எரியும், நெஞ்சும் அப்படித்தான் என்று அது சொல்கிறது. இறுமாப்பில் மரத்துப்போனவருக்கு அது சரி. ஏற்கெனவே தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடப்பவர் அதைக் கையில் எடுத்தால் விறகு பிளக்காது, விரலைத்தான் வெட்டும்.

தினமும் ஒரு மணி நேரம் கடவுளிடம் வாய்விட்டுப் பேசும் பழக்கம் பற்றிக் கேள்விப்பட்டேன். எப்படிச் செய்வது? (வாசகி, யாழ்ப்பாணம்)

அது ஹித்போதெதுத், அதாவது தனித்திருத்தல். பிரெஸ்லோவின் நாஹ்மான் (1772-1810) வற்புறுத்திய பயிற்சி. ஆழ்ந்த சோர்வுகளில் விழுந்து விழுந்து எழுந்தவர் அவர். அதனால்தானோ என்னவோ அவர் சொல்வதில் ஒரு பரிவு இருக்கிறது. தனி அறையோ வயல்வெளியோ, தினமும் ஒரு மணி நேரம், தொழுகையின் எபிரேயத்தில் அல்லாமல் வீட்டில் பேசும் இத்திஷ் மொழியில் பேசச் சொன்னார். பழகிய மொழியில்தான் நெஞ்சு திறக்கும் என்பது காரணம். ஒன்றும் பேச வரவில்லையா? பேச வந்து நிற்பதே நல்லது. 'உலகின் தலைவனே' என்ற ஒரே சொல்லை நாள்கணக்கில் சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்.

இதோடு ஒப்பிடத்தக்கது ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு: மனதை உறுத்தும் நிகழ்வை நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் மாணவர்கள் எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது. பிந்தைய மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பின்வந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவும் ஆளுக்கு ஆள் மாறியும் தெரிந்தது. சொல்லாகிவிட்ட துயரத்துக்கு ஒரு வடிவம் வந்துவிடுகிறது என்பது இரண்டுக்கும் பொது.

புதியவர்கள் ஒரு மணி நேரத்தில் தொடங்க வேண்டாம். பத்து நிமிடம் போதும். இதில் நேரும் தவறு ஒன்றுதான், ஆனால் பெரியது: 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற ஒரே பாட்டைச் சுற்றிச் சுற்றிப் பாடுவது. அதை உளவியல் அசைபோடுதல் என்கிறது. அது மனச்சோர்வைக் கூட்டும். பேச்சு மூன்றாவது முறையாக அதே இடத்துக்கு வந்தால், 'நாளைக்கு இதில் எனக்கு என்ன வேண்டும்?' என்று கேள்வியாக, வேண்டுதலாக மாற்றுங்கள். நாஹ்மான் தந்த மாற்றுமருந்தும் உண்டு: உன்னிடம் ஒரு நல்ல புள்ளியைத் தேடு. தேடினால், 'அதையும் சுயநலத்துக்குத்தானே செய்தேன்' என்று தோன்றும். தோன்றட்டும், அதற்குள்ளும் ஒரு சிறு நல்லது இருந்தே தீரும். கிடைத்ததும் அடுத்ததைத் தேடு. சுரத்தோடு சுரம் சேர்த்து இசையாக்குவதுபோல் புள்ளிகளைச் சேர்.

13 குணங்களை அட்டவணை போட்டுத் திருத்தும் யூத முறையும் கபாலாதானா? (வாசகர், சேலம்)

இல்லை, அது முஸார் எனும் ஒழுக்கப் பயிற்சி மரபு. சதனோவின் மெனாஹெம் மெண்டல் லெஃபின் 1808-ல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. முறையை பெஞ்சமின் ஃப்ராங்ளினிடமிருந்து எடுத்தார். ஹசிதியத்தை எதிர்த்தவர் அவர். அட்டவணையில் ஒரு பக்கம் 13 குணங்கள், மேலே ஏழு நாட்கள். வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் கவனம். இரவில் தவறிய இடங்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. இன்றைய நடத்தைச் சிகிச்சையில் நோயாளி தானே குறித்துவரும் தாளின் மூத்த உறவு இது. எல்லாக் குணத்தையும் ஒரே வாரத்தில் திருத்தப் புறப்படுவதுதான் பலரும் கைவிடக் காரணம்.

இந்த நூலை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்த லித்துவேனிய ரப்பி இஸ்ராயேல் சலாந்தர் (1810-1883), மனத்துக்குள் 'தெளிந்த சக்திகள்', 'இருண்ட சக்திகள்' என்று இரண்டு உண்டு என்றார். நெருக்கடியில் ஆளை இழுத்துச் செல்வது இருண்டவை. அறிவுரை அவற்றை எட்டாது. அதனால் ஒழுக்க நூலை வாய்விட்டு, ராகத்தோடு, நெஞ்சு உருகும்வரை திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஃப்ராய்டுக்கு முன்பே நனவிலியைப் பேசிய யூதர் வேண்டுமென்றால் பேக்கனின் நூலைவிட இங்கே தேடுவது பொருத்தம்.

நாற்பது வயதுக்கு முன் கபாலா படித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது மூடநம்பிக்கையா? (வாசகர், சென்னை)

நாற்பது என்ற எண்ணுக்கு மந்திரம் ஏதுமில்லை. லூரியாவே நாற்பதைத் தொடவில்லை. பலரும் சொல்லும் விதி 1756-ல் ப்ரோடி நகர ரப்பிகள் போட்ட தடையோடு சேர்ந்தது: ஸோஹருக்கு 30 வயது, லூரியாவின் போதனைகளுக்கு 40. அதற்குப் பின்னணி உண்டு. 1665-ல் மெசியா என்று அறிவிக்கப்பட்ட ஷப்பெதாய் ஸெவி, லட்சக்கணக்கான யூதர்களின் நம்பிக்கையைச் சுமந்து, அடுத்த ஆண்டே சுல்தானின் முன் இஸ்லாத்துக்கு மாறினார். பரவசமும் இருளும் மாறி மாறி வந்த அவர் நிலை இருமுனை மனநோயாக இருக்கலாம் என்று ஷோலெம் ஆவணங்களை வைத்து எழுதினார். அந்த இயக்கத்தின் வாரிசுகளை எதிர்த்தே ப்ரோடியில் தடை வந்தது.

ஆபத்து மெய்யானது என்பதை மரபு முன்பே அறிந்திருந்தது. யூதர்களின் பழைய சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூதில் நான்கு பேர் 'தோட்டத்துக்குள்' போகிறார்கள்: பென் அஸ்ஸாய் பார்த்து இறந்தார், பென் ஸோமா பார்த்து மனம் பேதலித்தார், மூன்றாமவர் நம்பிக்கை இழந்தார், ரப்பி அகிவா மட்டும் நலமாகத் திரும்பினார். ஜெருசலேமின் மனநல மருத்துவர்கள் க்ரீன்பெர்க், விட்ஸ்டும் ஆகியோர் 1992-ல் மறைஞானத்தில் இறங்கி மனநோய்க்கு ஆளான நான்கு இளைஞர்களைப் பற்றி எழுதியபோது பென் ஸோமாவின் பெயரைத்தான் தலைப்பில் வைத்தார்கள்.

எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோர்த்து, மூச்சோடும் தலையசைவோடும் இரவில் உச்சரிக்கும் ஆபிரகாம் அபுலாஃபியாவின் (1240-ல் பிறந்தவர்) முறையை ஆசிரியரின்றிச் செய்யவே வேண்டாம். தூக்கக்குறைவு, பட்டினி, தனிமை, இடைவிடாத உச்சரிப்பு என்ற நான்கும் சேர்ந்தால் எந்த மரபானாலும் பலவீனமான மனம் தடுமாறும். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லை, வண்டி எண்களிலும் செய்தித்தாளிலும் தனக்கே தனியாகச் செய்தி வருகிறது, குரல் கட்டளையிடுகிறது, தானே தெரிந்தெடுக்கப்பட்டவர் என்று தோன்றுகிறது: இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இருமுனை நோயோ மனச்சிதைவோ இருந்தால் தொடங்காமல் இருப்பதே நல்லது. இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

மைண்ட்ஃபுல்னெஸ் போன்ற பயிற்சி யூத மரபில் உண்டா? (வாசகி, கோலாலம்பூர்)

உண்டு. வார்சா அருகே பியாசெச்னோவில் இருந்த ஹசித் குரு காலோனிமுஸ் கால்மான் ஷபிரா (1889-1943) கற்றுத் தந்தது. 'ஹஷ்காதா', அமைதிப்படுத்துதல் என்று பெயர். சீடர் ஒருவர் எழுதி வைத்த குறிப்பிலிருந்து நமக்குத் தெரிகிறது. அதன் அடிப்படை: கனவு தீர்க்கதரிசனத்தில் அறுபதில் ஒரு பங்கு என்கிறது தல்மூத். தூக்கத்தில் 'நான்' ஓய்ந்திருப்பதால்தான் அது வாய்க்கிறது. விழித்திருக்கும்போதே அந்த 'நான்' ஓய்ந்தால்?

முறை இது. முதலில் எண்ணங்களை வெறுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கப் பார்க்க அவற்றின் ஓட்டம் தளரும். அது முடியாதவர் கடிகாரத்தின் சின்ன முள்ளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அசைவதே தெரியாத அந்த முள்ளோடு மனமும் மெதுவாகும். மனம் அடங்கியதும் ஒரு வேத வசனத்தைச் சொல்லி, ஒரே எண்ணத்தில் நிற்பது. அதன் பிறகு தனக்கு எந்தக் குணம் குறையோ அதை, விசுவாசம், அன்பு, எதுவானாலும், மெல்லிய சொல்லில் கேட்பது. மனத்தை நெருக்கிப் பிடித்து வேண்டக்கூடாது. பலம் போட்டால் ஓய்ந்த 'நான்' விழித்துக்கொள்ளும். கடைசியில் 86-ஆம் சங்கீதத்தின் 'ஆண்டவரே, உமது வழியை எனக்குக் கற்றுத்தாரும்' என்ற வரியை அவருக்கே உரிய ராகத்தில் பாடி முடிப்பார்.

மைண்ட்ஃபுல்னெஸ் முதல் படியோடு நிற்கிறது. பார்ப்பதே போதும் என்கிறது. ஷபிராவுக்கு அது வாசல் மட்டும். உள்ளே போய்க் கேட்பதுதான் நோக்கம். நம்பிக்கை இல்லாதவர்கள் முதல் படியை மட்டும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொல்லக்கூடாது.

1939 செப்டம்பரில் வார்சாமீது விழுந்த குண்டுகளில் அவர் மகனையும் மருமகளையும் இழந்தார். அதன் பிறகும், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்குள் 1942 கோடைவரை வாராந்திர உரைகளை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஒப்படைத்த கையெழுத்துப் பிரதிகள் மண்ணில் புதைக்கப்பட்டன. போர் முடிந்தபின் அவை இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தன.